எரிபொருள் கலந்த நிலத்தடி நீரைத் தூய்மைப்படுத்துதல்: துறைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டியோ, துறைமுகத்திலிருந்து கிடங்குக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் குழாயோ கசியத் தொடங்கினால், அதைப் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது பக்கத்து வீட்டுக் கிணறுதான். சென்னை தண்டையார்பேட்டையில் 2013ஆம் ஆண்டு குடியிருப்புகளின் ஆழ்துளைக் கிணறுகளில் எரிபொருள் வந்தபோதும், யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோதும் இப்படித்தான் நடந்தது. இத்தகைய தளத்தில் முதன்முதலாகப் பணிக்கு அமர்த்தப்படும் இளம் பொறியாளருக்கும், உள்ளாட்சி அலுவலருக்கும், நடக்கும் வேலையைப் புரிந்துகொள்ள விரும்பும் குடியிருப்புச் சங்கத்தாருக்கும் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்துறையில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, எரிபொருள் நிலத்தடியில் எந்த இடத்தில், எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கண்டறியாமலே பம்பையும் வடிகட்டியையும் வாங்குவதில்தான் போகிறது. கீழே வரும் படிகளின் வரிசை அதைத் தவிர்ப்பதற்காக அமைக்கப்பட்டது. கருவிகளைப் பற்றிய பேச்சு கட்டுரையின் பாதிக்குப் பிறகே வருவதைப் பார்த்துப் பொறுமையிழக்க வேண்டாம்.

முதல் படி: ஆபத்தைத் தடுத்தல்

கிணற்று நீரில் பெட்ரோல் வாடை வருகிறது என்ற புகார் கிடைத்தவுடன் நினைவுக்கு வர வேண்டியது தீ. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே கிணற்றுக்குள்ளும், தரைக்கடியிலுள்ள சம்ப்பிலும், சாக்கடையிலும், அடித்தள அறையிலும் தேங்கி நிற்கும். கிணற்றை எட்டிப்பார்க்கத் தீக்குச்சியோ சாதாரண டார்ச் விளக்கோ கூடாது. கிணற்று மோட்டாரின் சுவிட்சைத் தொடாமல், தள்ளியிருக்கும் மெயின் இணைப்பிலிருந்தே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். தீப்பற்றும் வாயுவை அளக்கும் கருவி, கீழ் வெடிவரம்பில், அதாவது ஆவி தீப்பற்றத் தொடங்கும் அளவில், 10 சதவீதத்தைக் காட்டினால் அவ்விடத்தை விட்டு வெளியேறித் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

அடுத்தது குடிநீர். காய்ச்சிக் குடித்தால் போதும் என்ற வழக்கமான அறிவுரை இங்கே தீங்கானது. காய்ச்சும்போது, பெட்ரோலிலுள்ள பென்சீன் என்னும் சேர்மம் ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். வயிற்றுக்குள் போகாதது நுரையீரலுக்குள் போகும். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்படுத்தப்பட்ட பொருள் என்பதால், வெந்நீரில் குளிப்பதையும் நிறுத்தச் சொல்லி, ஐயம் தீரும்வரை வெளியிலிருந்து தண்ணீர் வழங்க வேண்டும். வீட்டுச் சுத்திகரிப்பான்களை நம்பி இந்த ஏற்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

கசிவை நிறுத்துவதும் இந்த முதல் நாட்களின் வேலைதான். தொட்டியின் அளவுகோல் காட்டும் இருப்பையும் விற்பனைக் கணக்கையும் ஒப்பிட்டால் கசிவு எப்போது தொடங்கியது என்பது ஓரளவு புலப்படும். தொட்டியையும் குழாய்களையும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தினால் எங்கே கசிகிறது என்பது தெரியும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கிணற்றை இறைத்துச் சாக்கடையில் விட்டுவிட்டால் சுத்தமாகிவிடும் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். அது மாசை இன்னொரு தெருவுக்குக் கொண்டுசேர்ப்பதோடு, சாக்கடைக்குள் வெடிக்கும் ஆவியையும் நிரப்பும்.

இரண்டாம் படி: எரிபொருளின் நான்கு நிலைகளைப் புரிந்துகொள்ளுதல்

தொட்டியிலிருந்து கசிந்த எரிபொருள் மண் துகள்களின் இடைவெளி வழியே கீழிறங்கும்போது, ஒரு பகுதி அந்த இடைவெளிகளிலேயே சிக்கிக்கொள்கிறது. பிழிந்த துணியில் எஞ்சும் ஈரத்தைப் போன்ற இந்தப் பகுதியை எந்தப் பம்பாலும் உறிஞ்சி எடுக்க முடியாது. தப்பிக் கீழிறங்கி நீர்மட்டத்தை எட்டியது, தண்ணீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் படர்கிறது. பெட்ரோலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 0.74, டீசலுடையது ஏறத்தாழ 0.83. மூன்றாவது பகுதி தண்ணீரில் கரைந்து, நிலத்தடி நீரோட்டம் செல்லும் திசையில் நீண்டு செல்கிறது. இதை இக்கட்டுரையில் மாசுத்தாரை என்று குறிப்பிடுவோம். நான்காவது பகுதி ஆவியாகி, நீர்மட்டத்துக்கு மேலுள்ள வறண்ட மண்ணின் துளைகளை நிரப்புகிறது.

கரையும் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. இந்தியாவில் விற்கப்படும் பெட்ரோலில் பென்சீன் கனஅளவில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தூய பென்சீன் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 1,780 மில்லிகிராம் கரையும் என்றாலும், பெட்ரோலில் அது ஒரு சிறு பங்கு மட்டுமே என்பதால், அப்படிப்பட்ட பெட்ரோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவில்தான் கரையும். அதுவே உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள 10 மைக்ரோகிராம் என்ற வரம்பைப் போல 2,000 மடங்கு. இன்னொரு விதமாகப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலிலுள்ள 9 கிராமுக்குச் சற்றே குறைவான பென்சீன், ஏறத்தாழ 9 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. டொலுயீன், எத்தில் பென்சீன், சைலீன் ஆகிய மற்ற மூன்றும் பெட்ரோலில் கூடுதலாக இருந்தாலும் அவற்றின் வரம்புகள் லிட்டருக்கு 300 முதல் 700 மைக்ரோகிராம் வரை தளர்வானவை. எனவே பெட்ரோல் கசிந்த தளங்களில் பெரும்பாலும் பென்சீனே வேலையின் அளவைத் தீர்மானிக்கிறது. டீசலில் பென்சீன் மிகக் குறைவு. அங்கே நாப்தலீன் போன்ற கனமான சேர்மங்களைத் தேட வேண்டும்.

பெட்ரோலில் வேறு என்ன கலந்திருந்தது என்பதையும் கேட்டறிய வேண்டும். எம்டிபிஇ எனப்படும் சேர்க்கைப் பொருள் தண்ணீரில் தாராளமாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, நுண்ணுயிர்களால் எளிதில் சிதையாது. கலிபோர்னியாவின் சாந்தா மோனிகா நகரம் தன் குடிநீரில் ஏறத்தாழ பாதியைத் தந்துவந்த கிணறுகளை 1996இல் மூட நேர்ந்தது இப்பொருளால்தான். எத்தனாலின் கேடு வேறு வகை. நுண்ணுயிர்கள் அதை விரும்பி முதலில் உண்பதால், நிலத்தடியிலுள்ள சொற்ப ஆக்சிஜன் அதிலேயே செலவாகிவிடுகிறது. பென்சீன் தீண்டப்படாமல் கூடுதல் தூரம் செல்கிறது. கூடவே மீத்தேனும் உருவாகிறது. இன்று இந்தியச் சந்தையில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டதால், கலப்பில்லாத பெட்ரோலை வைத்து எழுதப்பட்ட பழைய கையேடுகளின் தூரக் கணக்குகளை அப்படியே எடுத்துக்கொள்வது சரியாகாது.

மூன்றாம் படி: நிலத்தை அறிதல்

கண்காணிப்புக் கிணறுகளை அமைக்காமல் எதையும் முடிவுசெய்ய இயலாது. நீர் எத்திசையில் ஓடுகிறது என்று அறிய, ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். ஒவ்வொன்றின் வாய்விளிம்பும் ஒரே மட்டக் குறியிலிருந்து அளக்கப்பட்டிருக்க வேண்டும். துளையிட்ட குழாய்ப் பகுதி, நீர்மட்டம் ஆண்டு முழுவதும் ஏறி இறங்கும் எல்லை அனைத்தையும் தழுவி நிற்பது இன்றியமையாதது. ஏற்கெனவே இருக்கும் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளை மட்டும் வைத்து ஆய்வை முடித்துவிடுவது செலவைக் குறைக்கும் வழியாகத் தோன்றலாம். ஆனால் அவற்றில் பல, மேற்பகுதி முழுவதும் அடைப்புக் குழாயும் ஆழத்தில் மட்டுமே துளைகளும் கொண்டவை; மேலே மிதக்கும் எரிபொருள் அவற்றுக்குள் நுழையவே நுழையாது.

பருவமழையின் விளையாட்டையும் இங்கே கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் உயரும்போது, மிதந்துகொண்டிருந்த எரிபொருளின் பெரும்பகுதி மண்துளைகளில் சிக்கி நீருக்கடியில் மூழ்கிப்போகிறது. டிசம்பரில் கிணற்றைத் திறந்து பார்ப்பவருக்கு எண்ணெயே தெரியாது. மே மாதத்தில் அதே கிணற்றில் ஒரு சாண் எண்ணெய் நிற்கும். மழைக்காலத்தில் எடுத்த ஒற்றை அளவீட்டைக் காட்டி, தளம் சுத்தமாகிவிட்டது என்று எழுதப்படும் அறிக்கையை ஏற்கக் கூடாது. குறைந்தது ஒரு முழு ஆண்டுக்கு, மழைக்கு முன்னும் பின்னும் கோடையிலும் அளந்த பிறகே நீர்மட்டத்தின் போக்கு பிடிபடும். இப்படி ஏறி இறங்குவதால் எரிபொருள் பூசப்பட்ட ஒரு தடித்த மண்ணடுக்கு உருவாகிறது. நீண்ட காலம் மாசைக் கசியவிட்டுக்கொண்டிருப்பது இந்த அடுக்குதான்.

மிதக்கும் எண்ணெயின் தடிமனை, எண்ணெயையும் நீரையும் பிரித்தறியும் மின்னணு நாடா கொண்டு அளப்பார்கள். கிணற்றில் காணும் தடிமன், சுற்றியுள்ள மண்ணில் இருப்பதைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும், குறிப்பாக நுண்மணலிலும் வண்டலிலும். ஆகவே கிணற்றுத் தடிமனைத் தளத்தின் பரப்பால் பெருக்கி இத்தனை ஆயிரம் லிட்டர் நிலத்தில் இருக்கிறது என்று கணக்கிடுவது தவறான எண்ணைத் தரும். எடுக்க எடுக்க எண்ணெய் எவ்வளவு விரைவாகக் கிணற்றுக்குள் திரும்பி ஊறுகிறது என்பதே பயனுள்ள அளவீடு.

நீர் மாதிரி எடுப்பது எளிய வேலைபோலத் தோன்றினாலும் பிழைகள் மலிந்த இடம் அதுவே. நீரை மெதுவாக, குமிழி எழாமல் இறைத்து, 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பிகளில் காற்றுக்கு இடமின்றி விளிம்புவரை நிரப்பி, அமிலம் சேர்த்து, பனிக்கட்டிப் பெட்டியில் 4 பாகை அளவில் வைத்து, 14 நாட்களுக்குள் ஆய்வு செய்ய வேண்டும். பிளாஸ்டிக் புட்டியில் பாதி நிரப்பி வண்டியின் பின்னிருக்கையில் வெயிலில் கொண்டுபோன மாதிரியில் பென்சீன் இல்லை என்று முடிவு வந்தால் அதில் வியப்பில்லை. பென்சீன் முதலிய நான்கோடு, எம்டிபிஇ, நாப்தலீன் ஆகியவற்றையும், தளத்திலேயே அளக்க வேண்டிய கரைந்த ஆக்சிஜனையும், நைட்ரேட், சல்பேட், கரைந்த இரும்பு, மீத்தேன் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் சொன்ன ஐந்தும் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றனவா என்பதைக் காட்டுபவை. அவற்றின் பயன் பிறகு தெரியவரும்.

நீரோட்டத்தின் வேகத்தை ஒருமுறை கையால் கணக்கிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஊடுருவுதிறனை (மண் நீரைத் தன்வழியே விடும் திறன்) நீர்மட்டச் சரிவால் பெருக்கி, துளைப்பங்கால் (மண்ணில் துளைகளின் பங்கு) வகுக்க வேண்டும். நாளொன்றுக்கு 10 மீட்டர் ஊடுருவுதிறன் கொண்ட மணலில், 1,000 மீட்டருக்கு 2 மீட்டர் சரிவு இருந்து, துளைப்பங்கு 25 சதவீதம் என்றால், நீர் நாளொன்றுக்கு 8 சென்டிமீட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மீட்டர் நகரும். அடுத்த தெருவிலுள்ள கிணறு எப்போது பாதிக்கப்படலாம் என்ற கேள்விக்கு முதல் மதிப்பீடு இப்படித்தான் கிடைக்கிறது. இவையெல்லாம் சேர்ந்ததும், மண்ணடுக்குகள், நீர்மட்டங்கள், எரிபொருளின் நான்கு நிலைகள், அருகிலுள்ள கிணறுகள், வீடுகள் அனைத்தும் அடங்கிய ஒரு குறுக்குவெட்டுப் படத்தை ஒரே தாளில் வரையுங்கள். அந்தப் படத்தை வரைய முடியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகும் நேரம் இன்னும் வரவில்லை.

நான்காம் படி: மூலத்தை அகற்றுதல்

கசிந்த தொட்டியையும், அதைச் சுற்றி எரிபொருள் ஊறிய மண்ணையும் தோண்டி எடுப்பது, ஆழம் குறைந்த இடங்களில் இன்றும் சிறந்த வழி. பக்கத்துக் கட்டடங்களின் அடித்தளம், நீர்மட்டத்தின் ஆழம், தோண்டிய மண்ணை எடுத்துக்கொள்ள அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிலையம் ஆகிய மூன்றும் அதன் எல்லைகள்.

மிதக்கும் எரிபொருளை எடுக்க, கிணற்றில் ஸ்கிம்மர் என்னும் கருவியைத் தொங்கவிடுவார்கள். அது நீரை விலக்கி எண்ணெயை மட்டும் உள்வாங்கும். எண்ணெய் விரைந்து ஊறும் தளத்தில், ஒரே கிணற்றுக்குள் கீழே ஒரு பம்பால் நீரைச் சற்றே இறைத்து நீர்மட்டத்தைத் தாழ்த்தி, எண்ணெயை அந்தப் பள்ளத்துக்கு ஈர்த்து, மேலே இன்னொரு பம்பால் எடுப்பதும் உண்டு. இங்கே பேராசை கூடாது. நீர்மட்டத்தை அதிகம் இறக்கினால், எண்ணெயும் கூடவே இறங்கி இதுவரை தூய்மையாயிருந்த ஆழ்மண்ணில் பூசிக்கொள்ளும். மூன்றாவது முறையில், வலுவான வெற்றிடப் பம்பு எண்ணெய், நீர், ஆவி மூன்றையும் ஒரே குழாயில் உறிஞ்சும்; ஊடுருவுதிறன் குறைந்த வண்டல் மண்ணில் அது ஏற்றது.

எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்குப் பெமிட்ஜி பாடமாக அமைகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அந்த ஊருக்கு அருகே 1979 ஆகஸ்ட் 20 அன்று கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று உடைந்து ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் வெளியேறியது. துப்புரவுக்குப் பிறகும் 4 லட்சம் லிட்டர் அளவில் நிலத்தடியில் தங்கிவிட்டது. 1999க்குப் பின் சில ஆண்டுகள் இரட்டைப் பம்பு முறையில் மேலும் ஏறத்தாழ 1,15,000 லிட்டர் எடுக்கப்பட்டது. அதன்பிறகும் எண்ணெய் அங்கே இருக்கிறது. ஆகவே மிதக்கும் எண்ணெய் முழுவதையும் எடுப்பதை இலக்காக வைப்பதைவிட, அது நகராத நிலைக்கு வருவதையும், நாள்தோறும் கிடைக்கும் அளவு அற்பமாகிவிடுவதையும் நிறுத்தக்குறியாக வைப்பதே நேர்மையானது. அதற்குமேல் அதே பம்பை ஓட்டுவது மின்கட்டணத்துக்குத்தான். எஞ்சியதை வேறு முறைக்கு ஒப்படைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: காற்றைப் பயன்படுத்துதல்

மண்துளைகளில் சிக்கிய பெட்ரோலை நீரால் கழுவி எடுப்பது கடினம், காற்றால் எடுப்பது எளிது. நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணில் துளையிட்ட குழாய்களை நட்டு, ஊதுவிசிறியால் காற்றை உறிஞ்சினால் ஆவி வெளிவரும். அதைக் கரி நிரப்பிய கலன் வழியாகவோ எரிப்பான் வழியாகவோ செலுத்தித் தூய்மைப்படுத்துவார்கள். மணற்பாங்கான மண்ணில் பெட்ரோலுக்கு இது நன்கு பலன் தரும். டீசல் எளிதில் ஆவியாகாதது என்பதால் அதற்கு இம்முறையின் இன்னொரு வடிவம் பொருந்தும்: காற்றை மிக மெதுவாக மண்ணுக்குள் செலுத்தி, அங்கேயே வாழும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் ஊட்டி, அவற்றை உண்ணவைப்பது.

காற்றின் மேன்மையை ஓர் எளிய கணக்கு காட்டும். ஒரு லிட்டர் பெட்ரோலை நுண்ணுயிர்கள் முழுமையாகச் சிதைக்க ஏறத்தாழ 2.6 கிலோகிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெப்பநிலையில், காற்று நன்கு கரைந்த ஒரு லிட்டர் நீரில் 8 மில்லிகிராமுக்கும் குறைவாகவே ஆக்சிஜன் இருக்கும். ஆக, நீர் மூலம் அதைக் கொண்டுசேர்க்க 3 லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். அதே ஆக்சிஜனைக் காற்றாகக் கொடுத்தால் 10 கன மீட்டர் போதும்; ஒரு சிறிய குளியலறையின் கொள்ளளவு.

நீர்மட்டத்துக்குக் கீழே சிக்கிய எரிபொருளுக்கும் கரைந்த மாசுக்கும், நீருக்குள் ஆழத்தில் காற்றைச் செலுத்தும் முறை இருக்கிறது. குமிழிகள் மேலெழும்போது பென்சீனைத் தம்முள் வாங்கிக்கொள்கின்றன, வழியில் நீருக்கு ஆக்சிஜனும் தருகின்றன. இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. மேலே மிதக்கும் எண்ணெய் எஞ்சியிருந்தால் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிப் பரப்பிவிடும்; எனவே நான்காம் படி முடிந்திருக்க வேண்டும். களிமண் அடுக்கு குறுக்கே இருந்தால் காற்று அதன் அடியில் தவழ்ந்து எங்கோ வெளிப்படும். மேலெழும் ஆவியைப் பிடிக்க உறிஞ்சும் குழாய்கள் கூடவே இயங்காவிட்டால் அது வீடுகளின் தரைக்கடியில் சேரும். உறிஞ்சும் விசிறி நின்றால் காற்றழுத்தியும் தானாக நின்றுவிடும்படி மின்னிணைப்பைப் பூட்டியிருக்கிறார்களா என்பதை முதல் நாளே சோதித்துப் பாருங்கள்.

ஆறாம் படி: கரைந்த மாசைத் தடுத்து நிறுத்துதல்

நீரை இறைத்து மேலே கொண்டுவந்து சுத்திகரிக்கும் முறைதான் பொதுமக்களுக்கு நன்கு தெரிந்தது. அதன் உண்மையான வலிமை, மாசுத்தாரை மேலும் முன்னேறாமல் வேலி போடுவதில் இருக்கிறது. மூலம் அப்படியே இருக்க, நீரை மட்டும் இறைத்துத் தளத்தைச் சுத்தமாக்க முயன்றவர்கள் பல பத்தாண்டுகள் இறைத்திருக்கிறார்கள். முதலில் அளவுகள் வேகமாகக் குறையும், பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிடும், பம்பை நிறுத்தினால் மீண்டும் ஏறும். களிமண் அடுக்குகளுக்குள் ஊறிய பென்சீன் மெல்ல மெல்ல வெளியே கசிவதே இதற்குக் காரணம்.

வேலிக்கு வேண்டிய நீரின் அளவு, பலர் நினைப்பதைவிடக் குறைவு. முன்சொன்ன மணலில் நீர்த்தாங்கி, அதாவது நிலத்தடி நீரைத் தாங்கும் அடுக்கு, 10 மீட்டர் தடிமனும் மாசுத்தாரை 50 மீட்டர் அகலமும் இருந்தால், அதன் வழியே நாளொன்றுக்கு 10 கன மீட்டர் நீர்தான் ஓடுகிறது. தாரையின் முழு அகலத்தையும் கிணறு நிற்கும் கோட்டிலேயே பிடிக்க அதைப் போல் இரு மடங்கு, அதாவது 20,000 லிட்டர் வேண்டும். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டுக்கும் குறைவு. இதைக் கணக்கிடாமல் பெரிய பம்பைப் பொருத்துவது கடலோரத்தில் இரட்டைத் தீங்கு: உப்பு நீர் உள்ளே வரும், எண்ணெய் ஆழத்தில் பூசிக்கொள்ளும்.

இறைத்த நீரை முதலில் எண்ணெய் பிரிக்கும் தொட்டியில் விட்டு, பிறகு காற்றோட்டக் கோபுரத்தில் பென்சீனை ஆவியாக வெளியேற்றி, இறுதியில் கிளர்வுற்ற கரிக் கலன்களில் மெருகேற்றுவது வழக்கம். கரிக் கலன்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, இரண்டுக்கும் இடையிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். அங்கே பென்சீன் தென்பட்டால் முதல் கலனின் கரி நிறைந்துவிட்டது என்று பொருள். கரி பென்சீனை நன்றாகப் பிடிக்கும், எம்டிபிஇயைச் சுமாராகப் பிடிக்கும், எத்தனாலை ஏறக்குறைய விட்டுவிடும். புதியவர்களை அதிகம் தொல்லைப்படுத்துவது இரும்பு. மாசுபட்ட பகுதியில் ஆக்சிஜன் தீர்ந்தபின் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள இரும்பைப் பயன்படுத்தத் தொடங்குவதால் அது நீரில் கரைந்து வரும். மேலே காற்றைக் கண்டதும் செம்மண் நிறச் சேறாகப் படிந்து கோபுரத்தையும் கரியையும் அடைக்கும். நீரில் இரும்பு எவ்வளவு என்று தெரியாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரைபடம் போட்டுவிட வேண்டாம். பயன்படுத்திய கரி அபாயக் கழிவாகவே கையாளப்பட வேண்டியது.

வேதிப்பொருள்களை நிலத்துக்குள் செலுத்தி மாசை அங்கேயே ஆக்சிஜனேற்றம் செய்வதாக விற்பனையாளர்கள் பலர் வருவார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, பெர்சல்பேட், ஓசோன் ஆகியவை பென்சீனைச் சிதைக்க வல்லவை. வேறு மாசுகளுக்குப் புகழ்பெற்ற பெர்மாங்கனேட் பென்சீனிடம் தோற்றுவிடும். வேதிப்பொருள் மாசைத் தொட்டால்தான் வேலை நடக்கும் என்பதால் களிமண் தளங்களில் பலன் குறைவு. மிதக்கும் எண்ணெய் உள்ள இடத்தில் பெராக்சைடைச் செலுத்துவது வெப்பத்தையும் வாயுவையும் கிளப்பும். அதை அனுமதிக்கக் கூடாது.

சுண்ணாம்புப் பாறையில் என்ன செய்வது

இதுவரை சொன்னவை மணலையும் வண்டலையும் மனத்தில் வைத்துச் சொன்னவை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை வேறு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை. மக்கள் சார்ந்திருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புப் பாறையிலுள்ள நிலத்தடி நீரை. அந்தப் பாறையில் நீர் கரைத்து உண்டாக்கிய பிளவுகளும் குகைகளும் உள்ளன. குடாநாட்டின் புத்தூரில் அப்படிப்பட்ட பாறையிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இத்தகைய பாறையில் எரிபொருள் சீரான தாரையாகப் பரவுவதில்லை. ஒரு கிணற்றில் எண்ணெய் இருக்க, இருபது மீட்டரில் உள்ள கிணறு தெளிவாக இருக்கலாம்; நெடுந்தொலைவிலுள்ள இன்னொன்றில் மழைக்குப் பிறகு திடீரென வாடை வரலாம். மேலே கணக்கிட்ட ஆண்டுக்கு 29 மீட்டர் போன்ற எண்கள் இங்கே பொருளற்றவை.

ஆகவே சுன்னாகம் போன்ற இடங்களில் வேலை கிணறு கிணறாக நடக்க வேண்டும்: பயன்பாட்டிலுள்ள ஒவ்வொரு கிணற்றையும் பட்டியலிட்டு, பருவந்தோறும் ஒரே முறையில் மாதிரி எடுத்து, பாதிக்கப்பட்டவற்றுக்கு மாற்று நீரும் கிணற்றுவாய்ச் சுத்திகரிப்பும் தருவது. காற்றைச் செலுத்தினால் அது எந்தப் பிளவில் போகும் என்று சொல்ல முடியாது. பெராக்சைடு முறையிலும் பாறையிலிருந்து கரையும் கார்பனேட் குறுக்கிடும். மேற்பரப்பில் எண்ணெய் ஊறிய மண்ணையும் கழிவெண்ணெய்க் குளத்தையும் முற்றாக அகற்றுவதே இப்பாறையில் மிகப் பெரிய பலன் தரும் ஒரே செயல். அங்கே இழப்பீட்டுக்கான போராட்டம் இலங்கை உச்ச நீதிமன்றம்வரை சென்று, மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் வழங்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அத்தகைய வழக்குகளில் மாதிரி எடுத்த முறையும் நாளும் கையொப்பமும் உள்ள பதிவேடுதான் சான்றாக நிற்கும் என்பதால், களத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் தெளிவாக இருக்கட்டும்.

ஏழாம் படி: இயற்கைச் சிதைவைக் கண்காணித்தல்

மூலத்தை இயன்றவரை எடுத்தபின் எஞ்சுவதை, நிலத்தடி நுண்ணுயிர்களே தின்று தீர்க்கின்றன என்ற கருத்தைக் கேட்டவுடன், இது ஒன்றும் செய்யாமலிருப்பதற்கான சாக்கு என்று பலர் எண்ணுகிறார்கள். ஐயம் நியாயமானதே, ஏனெனில் சாக்காகவும் பயன்பட்டிருக்கிறது. ஆனால் சான்று வலுவானது. பெமிட்ஜியில் 1983 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை தொடர்ந்து ஆராய்ந்துவருகிறது. லட்சக்கணக்கான லிட்டர் எண்ணெய் தங்கியிருந்தும் அங்கே பென்சீன் சில நூறு மீட்டர்களுக்குள் அடங்கிவிட்டது. கலிபோர்னியாவின் கசிந்த தொட்டிகளைப் பற்றி லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் 1995இல் வெளியிட்ட அறிக்கையும், பெரும்பாலான பென்சீன் தாரைகள் 250 அடியைத் தாண்டவில்லை என்று கண்டது. சிதைவில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடையும் மீத்தேனையும் தரைமட்டத்தில் அளந்தால், எண்ணெய் குறையும் வேகத்தையே மதிப்பிடலாம். ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் லிட்டரிலிருந்து இருபதாயிரத்துக்கு மேல்வரை பல தளங்களில் காணப்பட்டிருக்கிறது. நன்றாக ஓடாத ஸ்கிம்மர் ஒன்று எடுப்பதைவிட இது பெரும்பாலும் அதிகம்.

இம்முறையை ஏற்க மூன்று சான்றுகளைக் கேளுங்கள். தாரையின் நடுவிலும் முனையிலும் பென்சீன் பல ஆண்டுகளாக இறங்குமுகமாக இருக்க வேண்டும். தாரைக்குள் ஆக்சிஜன், நைட்ரேட், சல்பேட் குறைந்தும் இரும்பு, மீத்தேன் கூடியும் இருக்க வேண்டும். முனைக்கும் மிக அருகிலுள்ள பயன்பாட்டுக் கிணற்றுக்கும் இடையே, இன்னும் சுத்தமாக இருக்கும் ஒரு காவல் கிணறு இருக்க வேண்டும். அந்த இடைவெளி போதாது என்றாலோ, யாரேனும் அப்பகுதியில் புதிய ஆழ்துளைக் கிணறு போடுவதைத் தடுக்க வழியில்லை என்றாலோ, இம்முறை மட்டும் போதாது. நம் நகரங்களில் பின்னது பெரிய சிக்கல்: கோடையில் பக்கத்து மனையில் ஒருவர் போர் போட்டு இறைக்கத் தொடங்கினால் நீரோட்டத்தின் திசையே மாறிவிடும்.

இறுதிப் படி: தளத்தை மூடுதல்

இலக்கு எண்ணை எட்டிய நாளிலேயே கருவிகளைக் கழற்றிவிடக் கூடாது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, குறைந்தது ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அடங்கிய ஓராண்டுக்குத் தொடர்ந்து மாதிரி எடுக்க வேண்டும். அளவுகள் மீண்டும் ஏறுமானால் அது இக்காலத்தில்தான் தெரியும். நீர் சுத்தமானாலும் மண்ணாவி எஞ்சியிருக்கலாம் என்பதால், வீடுகளின் தரைக்கடியிலும் ஒருமுறை அளப்பது அவசியம். இந்திய அரசு 2025இல் மாசடைந்த தளங்களுக்கென்றே தனி விதிகளை அறிவித்திருக்கிறது. மூடல் அறிக்கையை வாரியத்திடம் அளிக்கும்போது, எஞ்சிய மாசு எந்த ஆழத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதையும், அங்கே எதிர்காலத்தில் தோண்டுவோர் அறிய வேண்டியதையும் வரைபடத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அதன்பின் கண்காணிப்புக் கிணறுகள். கவனிப்பாரற்று விடப்பட்ட ஒவ்வொரு குழாயும், அடுத்த கசிவு நேராக நீர்த்தாங்கிக்குள் இறங்குவதற்கான வழி. சிமெண்டும் பெண்டோனைட் களிமண்ணும் கலந்த குழம்பை, அடிவரை இறக்கிய சிறு குழாய் வழியாகக் கீழிருந்து மேலாக நிரப்பி, மறுநாள் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்து மீண்டும் நிரப்பி, வாயை வெட்டித் தரைமட்டத்துக்குக் கீழே மூடி, ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் பதிவேட்டில் குறித்துவிட வேண்டும்.